சீழ் பிடிக்காத புண்

வீட்டில் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டால் போதும், பாட்டிமார்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள்: "கொடி விழுந்துவிட்டதா?"

விழுந்துவிட்டது என்றால் அவர்களுக்கு ஒரு நிம்மதி. சிலர் அதைக் காய வைத்து, வெள்ளித் தாயத்தில் அடைத்து, குழந்தையின் அரைஞாணில் கோத்துக் கட்டுவார்கள். விழவில்லை என்றால், "இன்னும் இரண்டு நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் நாளை எண்ணத் தொடங்குவார்கள்.

தொப்புள்கொடி எப்படி விழுகிறது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? மரத்திலிருந்து காய்ந்த சருகு உதிர்வதுபோல் அது தானாக உதிர்ந்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலருடைய எண்ணம். உண்மை அதுவல்ல. கொடி காய்வது வெளியே நடக்கும் காரியம். உள்ளே, கொடியும் வயிறும் சேரும் இடத்தில், குழந்தையின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. தங்களிடம் உள்ள ரசங்களைக் கொண்டு அந்த இணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அறுக்கின்றன. பிறகுதான் கொடி விழுகிறது. பிரசவ அறையில் டாக்டர் அறுத்தது பாதி; மீதியை அறுப்பது குழந்தையேதான்!

சாதாரணமாக இது ஒன்று, இரண்டு வாரத்துக்குள் நடந்துவிடும். மிக மிக அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு மூன்று வாரம், நான்கு வாரம் ஆகியும் கொடி விழுவதில்லை. கூடவே தொப்புளைச் சுற்றிப் புண், ஜுரம். 1979-ஆம் ஆண்டு லண்டன் நகரத்து டாக்டர்கள் சிலர் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். கொடி விழுவதில் தாமதம், உடம்பில் பல இடங்களில் கிருமி, நகர வேண்டிய வெள்ளை அணுக்கள் சரியாக நகராமை - இந்த மூன்றும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். பாட்டி எண்ணும் அதே நாள்கணக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு, நம் உடம்பு கிருமிகளோடு எப்படிப் போராடுகிறது என்பதில் ஒரு பெரிய ரகசியம் அகப்பட்டது. அந்த ரகசியத்தைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சிவப்பு, வீக்கம், சூடு, வலி

காலில் முள் குத்திவிட்டது. அதை எடுக்காமல் விட்டால் என்ன ஆகிறது? மறுநாள் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, வலி பிராணனை வாங்குகிறது. பிறகு சீழ் வைக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் 'அழற்சி' என்கிறார்கள். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இதே நான்கு லட்சணங்களையும் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னால் ரோமாபுரியில் வாழ்ந்த ஸெல்ஸஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார்.

சீழைக் கண்டால் நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் சீழ் என்பது என்ன? கிருமியோடு போரிட்டு மாண்ட வெள்ளை அணுக்களின் குவியல்தான் அதில் பெரும் பகுதி. 1867-இல் பெர்லினில் கோன்ஹைம் என்ற விஞ்ஞானி தவளையின் மெல்லிய சவ்வை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, ரத்தக் குழாயின் சுவரை ஊடுருவிக்கொண்டு வெள்ளை அணுக்கள் வெளியே வருவதைக் கண்டு எழுதினார். சீழில் இருப்பவை ரத்தத்திலிருந்து வந்தவையே என்பது அதன் பிறகுதான் தெளிவாயிற்று. 1882-இல் மெச்னிகாப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தால் நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டு நின்றன! அழற்சி என்பது வியாதி அல்ல, உடம்பின் தற்காப்பு என்று அவர் வாதாடினார். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வெள்ளை அணு ரத்தத்தை விட்டு வெளியே வருகிறது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே தெரிந்த விஷயம். எப்படி வருகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வெள்ளமும் சங்கிலியும்

ஆடி மாதத்தில் காவேரியில் வெள்ளம் போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதில் ஒருவன் அடித்துக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஒரு குறிப்பிட்ட படித்துறையில் கரையேற வேண்டும். என்ன செய்வான்? முதலில் கரையோரமாக ஒதுங்குவான். கைக்கு அகப்பட்ட புல்லையும் நாணலையும் பற்றுவான். புல் பிய்த்துக்கொண்டு வரும்; ஆனாலும் வேகம் சற்றுக் குறையும். பிறகு படித்துறையில் கட்டியிருக்கும் இரும்புச் சங்கிலியை எட்டிப் பிடித்தானானால் பிழைத்தான். நின்று, மூச்சு வாங்கி, படியேறி வந்துவிடலாம்.

வெள்ளை அணு செய்வதும் இதுவேதான். புண் ஏற்பட்ட இடத்துக்கு அருகில் ரத்தக் குழாயின் உட்சுவர் 'ஸெலெக்டின்' என்ற புரதங்களை வெளியே நீட்டுகிறது. அவை புல் மாதிரி, பிடி லேசானது. ஓடி வந்த வெள்ளை அணு அவற்றில் தொட்டுத் தொட்டு, வேகம் குறைந்து, சுவரோரமாக உருண்டு வருகிறது. 'இங்கேதான் புண், இங்கேதான் இறங்க வேண்டும்' என்று அறிவிக்கும் ரசாயனங்கள் அப்போது அதைத் தொடுகின்றன. உடனே ஓர் அதிசயம் நடக்கிறது. வெள்ளை அணுவின் மேற்புறத்தில் அதுவரை மடங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான கைகள் நிமிர்ந்து நீளுகின்றன. சுவரில் இருக்கும் சங்கிலியை, அதாவது 'ஐகாம்' என்ற வேறொரு புரதத்தை, இறுகப் பற்றிக்கொள்கின்றன. அணு அசையாமல் நிற்கிறது. பிறகு தட்டையாகி, சுவரின் இடுக்கு வழியே நுழைந்து, புண் இருக்கும் இடத்துக்குப் போகிறது.

அந்தக் கைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'ஸி.டி. 18'. பெயர் என்னவோ ரெயில்வே கால அட்டவணை மாதிரி வறட்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புரதம் இல்லாவிட்டால் நாம் இல்லை. இது தனியாக நிற்பதில்லை, 'ஸி.டி. 11' என்ற குடும்பத்தைச் சேர்ந்த நான்கு புரதங்களில் ஏதாவது ஒன்றோடு ஜோடி சேர்ந்தே அணுவின் மேற்புறத்துக்கு வரும். நான்குக்கும் பொதுவான ஜோடி இது ஒன்றுதான். இது இல்லையானால் நான்கும் வெளியே வர முடியாது. ஒரே ஓர் ஆணி கழன்றதும் நான்கு சட்டங்களும் சரிந்துவிடும் கதைதான்.

மடங்கியும் நிமிர்ந்தும் வேலை செய்யும் இந்தக் கைகளை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த டிமொதி ஸ்பிரிங்கர். 2022-இல் லாஸ்கர் பரிசை இவரும், இதே இனத்துப் புரதங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாதி என்ற இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

பட்டாளம் உண்டு, இறங்க வழியில்லை

இப்போது அந்த லண்டன் குழந்தைகளிடம் திரும்புவோம். 1980-களில் டாக்டர்கள் தேடிக் கண்டுபிடித்தது இதுதான்: அவர்களுடைய வெள்ளை அணுக்களில் ஸி.டி. 18 இல்லை, அல்லது மிகமிகக் குறைவு. அதை உண்டாக்கும் மரபணு 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் பிழை.

இந்தக் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தால் முதலில் யாரும் ஏமாந்துதான் போவார்கள். வெள்ளை அணு குறைவாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? எதிர்மாறாக, ஏராளமாக இருக்கும்! வளர்ந்தவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 4000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். பச்சைக் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். இந்த வியாதி உள்ள குழந்தைக்குக் கிருமித் தொல்லை இல்லாத நாளிலேயே கணக்கு உயர்ந்திருக்கும். கிருமி புகுந்துவிட்டால் ஒரு லட்சத்தையும் எட்டக்கூடும். ரத்தப் புற்றுநோயோ என்று பயப்படும் அளவுக்கு ஏறிவிடும்.

காரணம் புரிகிறதல்லவா? எலும்பின் மஜ்ஜை தன் கடமையைச் செய்கிறது. வளர்ந்த ஒருவருடைய மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை - வெள்ளை அணுக்களில் முதலில் ஓடி வரும் ஜாதி இது - உண்டாக்குகிறது. குழந்தையின் மஜ்ஜையும் இப்படியே பட்டாளம் பட்டாளமாக அனுப்புகிறது. அவை புண்ணிருக்கும் இடத்தைக் கடந்தும் போகின்றன. ஆனால் சங்கிலியைப் பிடிக்கக் கை இல்லை. வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அதனால் குழந்தையின் புண் சிவந்து உப்பிச் சீழ் வைப்பதில்லை. வெளிறிப்போய், ஆறாமல், மெள்ள மெள்ளப் பரவுகிறது. பார்க்கிற தாய், "நல்ல வேளை, சீழ் பிடிக்கவில்லை" என்று ஆறுதல் அடையலாம். இந்த ஒரு வியாதியில், சீழ் பிடிக்காததுதான் ஆபத்தின் அறிகுறி.

பத்து லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வரும் என்று உத்தேசமாகச் சொல்லுகிறார்கள். புரதம் அறவே இல்லாத கடுமையான ரகமாக இருந்து, தக்க சிகிச்சையும் கிடைக்காவிட்டால், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. கொஞ்சம் புரதம் இருந்தால் வளர்ந்து பெரியவர்கள் ஆவதும் உண்டு. ஆனால் ஆறாத புண்களும், சிறு வயதிலேயே ஈறு கரைந்து பல் ஆடுவதும் அவர்களை விடுவதில்லை.

ஒரு காளையின் கதை

இது மனிதர்களுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. அமெரிக்காவில் 1952-இல் ஓர் ஹோல்ஸ்டீன் ஜாதிக் காளை பிறந்தது. பெயர் ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ. நல்ல ராஜ லட்சணம். அதன் வம்சத்துப் பசுக்கள் பால் வளத்துக்குப் பேர் போனவை. செயற்கைக் கருவூட்டல் பரவி வந்த காலம் அது. ஐவன்ஹோவும் அதன் சந்ததியில் வந்த பேர் பெற்ற காளைகளும் எண்ணற்ற கன்றுகளுக்குத் தகப்பன் ஆயின. அதன் ரத்தத்தில் மறைந்திருந்த ஒரு பிழையும் அவற்றோடு கூடவே பரவியது.

பிறகு ஹோல்ஸ்டீன் கன்றுகள் சில வாய்ப் புண்ணும் வயிற்றுப்போக்கும் நிமோனியாவுமாக நலிந்து இறந்தன. 1992-இல் ஆராய்ச்சிக்காரர்கள் காரணத்தைக் கண்டார்கள். ஸி.டி. 18 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது! அமெரிக்க ஹோல்ஸ்டீன் காளைகளில் 100-க்குச் சுமார் 15 இந்தப் பிழையைச் சுமந்துகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மூலபுருஷன் அந்த ஒரே காளைதான். அதன் பிறகு ரத்தப் பரிசோதனை செய்து பிழை உள்ள காளைகளை ஒதுக்கினார்கள். நம் தேசத்திலும் ஹோல்ஸ்டீன் காளைகளையும் அவற்றின் கலப்பினக் காளைகளையும் கருவூட்டலுக்குச் சேர்ப்பதற்கு முன் இந்தச் சோதனை செய்கிறார்கள்.

யார் மேல் பழி?

காளைக் கதையை ஒரு காரணத்தோடுதான் சொன்னேன். ஐவன்ஹோவுக்கு ஒரு நாளும் வியாதி வரவில்லை. ஏன் என்றால், மரபணு ஒவ்வொன்றும் நமக்கு இரண்டு பிரதி உண்டு. தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். இரண்டும் பழுதானால்தான் வியாதி.

இதை நம் வீடுகளில் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்குத் தீராத நோய் என்றால் முதல் சொல் எங்கே போய் விழுகிறது? "அவள் வயிற்று ராசி," "அவள் பிறந்த வீட்டு வாகு," "கிரகண நேரத்தில் வெளியே போனாள்" - எல்லாம் பெற்றவள் தலையில்தான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் பெண், இந்தப் பேச்சையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. சகோதரிகளே, இந்த வியாதியில் தாய்க்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு தகப்பனுக்கும் உண்டு. இருவருமே ஆரோக்கியமாக இருப்பவர்கள். இருவருக்குமே இது தெரிந்திருக்க நியாயமில்லை. கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ இது வருவதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்வது நம் பக்கத்தில் வெகு காலமாக உள்ள வழக்கம். ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த ஒரு பிழை, இரு வழியாகவும் இறங்கி ஒரு குழந்தையிடம் வந்து சேர இதில் வாய்ப்பு அதிகம். உறவில் மணந்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். அப்படி மணந்தவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் முன்பு பச்சைக் குழந்தைகள் ஜுரத்திலும் புண்ணிலும் இறந்திருந்தால், அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். தாய் தகப்பன் இருவரிடமும் பிழை இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு வியாதி வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அடுத்த குழந்தையைக் கருவிலேயே சோதித்தறிய இப்போது வழி இருக்கிறது.

பிடி அதிகமானாலும் தொல்லை

சிகிச்சை என்ன? கிருமிக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டே, பொருத்தமான ஒருவருடைய எலும்பு மஜ்ஜையை மாற்றி வைப்பதுதான் இதுவரை கைகண்ட முறை. வேறொரு வழியும் வந்திருக்கிறது. குழந்தையின் மஜ்ஜை அணுக்களையே வெளியே எடுத்து, சரியான மரபணுவை அவற்றில் சேர்த்து, திரும்ப உடம்பில் செலுத்துகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ், லண்டன், மாட்ரிட் நகரங்களில் கடுமையான ரகம் வந்த 9 குழந்தைகளுக்கு இதைச் செய்தார்கள். ஒன்பது பேரும் உயிரோடு இருப்பதாக 2025-இல் வெளியான அறிக்கை கூறியது.

"அப்படியானால் இந்தக் கை எவ்வளவு பலமாகப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். அதுவும் இல்லை. தேவையில்லாத இடத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிக் கலகம் செய்வதாலும் வியாதிகள் உண்டு. ஸோரியாஸிஸ் என்ற தோல் வியாதியில் இந்தப் பிடியைத் தடுப்பதற்காக ஒரு மருந்தை அமெரிக்காவில் 2003-இல் அனுமதித்தார்கள். தோல் குணம் கண்டது உண்மை. ஆனால் காவல் தளர்ந்ததால், அதைச் சாப்பிட்டவர்களில்... இல்லை, ஊசியாகப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு மூளையில் ஒரு வைரஸ் கிளம்பி உயிருக்கே உலை வைத்தது. 2009-இல் மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே பிடியைக் கண்ணில் மட்டும் தளர்த்தும் சொட்டு மருந்து 2016-இல் வந்தது. கண் வறட்சிக்கு அது உதவுகிறது. உடம்பு முழுவதும் காவலைக் கலைப்பது வேறு, ஓர் இடத்தில் மட்டும் சற்று அடக்குவது வேறு அல்லவா?

ஈறு விஷயத்திலும் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. இந்த வியாதியில் ஈறும் தாடை எலும்பும் கரைவதற்குக் கிருமிகள் மட்டுமே காரணம் என்று வெகு நாள் நினைத்திருந்தார்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் வேறு விதமாகக் கண்டார்கள். வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்து, வேலை முடிந்து அங்கேயே மடிந்தால்தான் "போதும், நிறுத்து" என்ற செய்தி உடம்புக்குப் போகிறதாம். அவை வராததால் செய்தியும் போவதில்லை. "இன்னும் ஆள் அனுப்பு" என்ற கூப்பாடு ஓயாமல், அந்த அழற்சியே எலும்பை அரிக்கிறது. அழற்சியை மூட்டுகிறவர்களே அணைக்கவும் வேண்டியிருக்கிறது!

நீங்கள் செய்ய வேண்டியது

இவ்வளவும் படித்துவிட்டு, கொடி விழ நாலு நாள் தாமதமானால் யாரும் நடுங்க வேண்டாம். ஸிஸேரியன் பிரசவம், குறைமாதப் பிரசவம், கொடியின் மேல் கிருமிநாசினி தடவுதல் போன்ற சாதாரணக் காரணங்களாலேயே கொடி தாமதமாக விழுவதுண்டு. தாமதமாக விழும் நூற்றுக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட இந்த வியாதி இராது. ஆனாலும் சிலவற்றை ஞாபகத்தில் வையுங்கள்.

கொடியைச் சுத்தமாகவும் உலர்ந்தும் வைத்திருங்கள். விபூதி, மஞ்சள், எண்ணெய் எதையும் டாக்டர் சொல்லாமல் அதன் மேல் தடவாதீர்கள். இழுத்துப் பிய்க்கவும் கூடாது.

தொப்புளைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், துர்நாற்றம் வீசினாலும், ஜுரம் கண்டாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

மூன்று, நான்கு வாரம் ஆகியும் கொடி விழாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். புண் திரும்பத் திரும்ப வந்து, சீழும் இல்லாமல் ஆறவும் ஆறாமல் இருந்தால், கொடி எந்த நாளில் விழுந்தது என்பதையும் சொல்லுங்கள். முதலில் வேண்டியது சாதாரண ரத்தக் கணக்குத்தான். சிறிய ஊர்களிலும் செய்வார்கள். அதில் சந்தேகம் வந்தால், வெள்ளை அணுவின் மேல் ஸி.டி. 18 இருக்கிறதா என்று பெரிய நகரங்களில் உள்ள சில ஆஸ்பத்திரிகளில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சீக்கிரம் தெரிந்துகொண்ட குழந்தைக்குத்தான் மஜ்ஜை மாற்றும் வரை உயிரைக் காப்பாற்றி வைக்க முடியும்.

குழந்தை பிறந்த நாளையும் நட்சத்திரத்தையும் நாம் நோட்டில் எழுதி வைக்கிறோம். அதற்குக் கீழே, கொடி விழுந்த தேதியையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த வரிக்கு எந்த வேலையும் இராது. அப்படியே இராமல் போகட்டும். தேவைப்படும் ஒரு வீட்டில், டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.